பதினோரு தடவை தொட்டது

கச்சிராயபாளையம் சாலையில் கரும்பு வண்டி ஓட்டுகிற யாரிடம் கேட்டாலும் விஜயலட்சுமியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவள் எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் நாளில் ஏமாற்ற முடியாது. இரண்டு, அவள் இல்லாத நாளாகப் பார்த்துப் போகலாம் என்றால், அப்படி ஒரு நாளே கிடையாது.

நாற்பத்திரண்டு வயது. ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனாள். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் அவளைத் தேடவில்லை, அவளும் அதைத் தேடவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தத் தனியார் எடைமேடையின் சன்னலோரம் அவளுடைய இடம். வண்டி இரும்புத் தட்டின் மேல் ஏறும், கம்ப்யூட்டரில் எண் வரும், அவள் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவாள். அவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த அவ்வளவுதானுக்குள் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். தட்டு அமுங்கினால் ஒரு வரி. பின்சக்கரம் வெளியே நிற்கிறது என்று வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினால் இன்னொரு வரி.

டிராக்டர் ஓட்டும் சந்தோஷுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல்.

"இன்னாக்கா இது, ஒரே வண்டி, ஒரே லோடு. ரெண்டு வரி எதுக்கு? மொதலாளி என்னைத்தான் கேக்குறாரு."

"வண்டி ஒண்ணுதான்டா. தட்டு ரெண்டு தபா அமுங்கிச்சே. தட்டுக்கு யாரு கணக்கு வெப்பா, உங்கப்பனா?"

"நீ எமன் வூட்டுக் கணக்கப்புள்ளைக்கு ஒண்ணுவுட்ட தங்கச்சியாக்கா?"

"அவருகூட ரப்பர் வெச்சிருப்பாரு. நான் வெக்கல. வண்டிய எடு."

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. எடைமேடைத் தட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள் வருடக் கணக்கில் தேய்வதில்லை. அமுங்கிய கணக்கில்தான் தேய்கின்றன. ஒரு மாதம் சும்மா கிடந்தால் தட்டுக்கு ஒரு நோவும் இல்லை. கரும்பு சீசனில் ஒரே வாரத்தில் கழன்றுவிடும். அவள் வரிகளை எண்ணித்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவாள். மெக்கானிக் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்பான். அவள் கொட்டாவி விடுவாள்.

சட்டம் பிறந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதன் பெயர் தங்கதுரை. அவளுடைய புருஷன். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவன் ஒரு டிராக்டரில் லோடுமேன். டிரெய்லரை டிராக்டரோடு பிணைக்கும் இரும்பு ஊசியை நாற்பது நடைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஓட்டியவனோ தினம் மூன்று நடை அடித்துவிட்டு நோட்டில் ஒன்று என்று எழுதினான். எதற்கு வீணாக எழுத வேண்டும் என்ற சோம்பல், வேறொன்றுமில்லை. நோட்டில் முப்பத்தெட்டாவது நடை ஓடிக்கொண்டிருந்த அன்று மேட்டில் ஊசி முறிந்தது. டிரெய்லர் பின்னால் உருண்டது. தங்கதுரையின் இடது கால் அன்றைக்கு விடுப்பில் போனது, இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. அவன் விந்தி விந்தி நடக்கும் சத்தம் வீட்டில் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்பதை அவள் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

இந்த இடத்தில்தான் இர்ஷாத் வந்து சேர்ந்தான். கள்ளக்குறிச்சியில் விதைக்கடை வைத்திருப்பவரின் மகன். சின்ன வயதில் அப்பாவோடு லாரியில் வந்து எடைமேடைத் தட்டில் குதித்து, தன் எடையைக் காட்டச் சொல்லி அடம் பிடித்தவன். அதற்கும் அவள் ஒரு வரி எழுதினாள். இப்போது அவன் பெங்களூர் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர்.

"விஜயாக்கா, ரெண்டு வாரம் வெள்ளிமலைக்கு வரீங்களா? ஹெலிகாப்டர் பாக்குற வேல."

"பாக்குறதுக்கெல்லாம் சம்பளமா? எங்க தெருல எல்லாரும் வருவாங்களே."

அவன் தட்டின் ஓரத்தில் குந்தி விளக்கினான். ஹெலிகாப்டரின் உறுப்புகளுக்கு ஆயுள் உண்டு. இத்தனை மணி நேரம் பறந்தால் மாற்றிவிட வேண்டும் என்று கணக்கு. "சும்மா நேரா பறந்த ஒரு மணியும், மலைல முட்டிமோதி ஏறி எறங்குன ஒரு மணியும் ஒண்ணாக்கா? அதுக்குத்தான் ஹெலிகாப்டர்ல ஒரு பெட்டி வெச்சிருக்கோம். உள்ள சாப்ட்வேர் இருக்கு. இப்ப ஏறுது, இப்ப திரும்புது, இப்ப அந்தரத்துல நிக்குது, இப்ப எறங்கிடுச்சின்னு தானா கண்டுபுடிக்கும். அத வெச்சு எந்த உறுப்பு எத்தினி தேஞ்சிதுன்னு சொல்லும்."

"அப்ப நான் எதுக்கு?"

"அது சொல்றது நெசமான்னு பாக்கணுமே. நீங்க கீழ நின்னு பாத்தத பாத்தபடி எழுதணும். அப்புறம் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்போம்."

அவளுக்கு உடனே பிடிபட்டது. வருடா வருடம் அரசாங்க ஆட்கள் எடைமேடைக்கு முத்திரை போட வருகிறார்கள். வரும்போது சரியான எடைக்கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கல்லைத் தட்டில் வைத்து, எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள்.

"அப்ப நான்தான் படிக்கல்லு," என்றாள்.

"கரெக்ட்டுக்கா."

"வரேன். சீசனும் முடிஞ்சிடுச்சி."

வெள்ளிமலையில் அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஆரஞ்சு குடை, ஒரு வினாடிக் கடிகாரம், தாள்கள், ஒரு பென்சில் கொடுத்தார்கள். பென்சிலை அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பானா அழிச்சிக்கலாம்ல அக்கா?"

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்."

முதல் எட்டு நாள் சங்கடம் ஒன்றும் இல்லை. ஹெலிகாப்டர் எழும்பும்; அவள் மணி, நிமிடம், வினாடி போட்டு எழுதுவாள். ஏற்றம். வலப்பக்கத் திருப்பம். அந்தரத்தில் நிற்றல். இறக்கம். மலைச்சாலை ஜீப்காரர்கள் வண்டியை நிறுத்திக் கிண்டலடிப்பார்கள்.

"அக்கா, இன்னா எழுதிக்கினு கீற? பஸ்ஸுக்கு டைமா?"

"ஆமா. மேல போற பஸ்ஸு. உன் ஜீப்பு மாதிரி ஆள் ரொம்புற வரைக்கும் நிக்காது."

ஓட்டியவர் கேப்டன் ராஜாங்கம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தைந்து வயது, மீசையில் பாதி வெள்ளை. பறந்து முடித்ததும் அவரும் தன் அட்டையில் என்னென்ன செய்தார் என்று நினைவிலிருந்து எழுதுவார். பெட்டி, கேப்டன், விஜயலட்சுமி மூவரும் எட்டு நாளும் அநேகமாக ஒரே பேச்சுப் பேசினார்கள்.

ஒன்பதாம் நாள் பாறைக்குப் போனார்கள். மலையில் ஆளை இறக்கச் சமதரை கிடைக்காது. அதனால் பாறை விளிம்பில் ஹெலிகாப்டரின் ஒரு குழாய்க்காலை மட்டும் வைத்து, மறுகாலை அந்தரத்தில் விட்டு, ஆளை இறக்கிவிட்டு எழும்புவார்கள். அந்த வித்தையைச் சோதிக்கும் நாள். அன்று காற்று கொஞ்சம் ஜாஸ்தி. வலது கால் பாறையைத் தொடும், காற்று தூக்கும், மறுபடி தொடும். விஜயலட்சுமி கண் கொட்டாமல் பார்த்தாள். தொட்டது, ஒரு வரி. எழும்பித் தொட்டது, இன்னொரு வரி. நாலு நிமிடத்தில் பதினோரு வரி.

மறுநாள் காலை, உரக்கடைக்கு மேல் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இர்ஷாத் மடிக்கணினியைத் திறந்தான். ஒத்துப்போன வரிகள் பச்சை, ஒத்துப்போகாதவை சிவப்பு. மிளகாய் காயப்போட்ட மாதிரி பதினோரு சிவப்பு வரிகள் வரிசையாகக் கிடந்தன. அவள் எழுதியிருந்தது: தரை தொட்டது, பதினொன்று. பெட்டி சொன்னது: அந்தரத்தில் நிற்றல், நாலு நிமிடம். கேப்டனின் அட்டையும் அதையேதான் சொன்னது.

பெங்களூரில் இருந்து மேனேஜர் போனில் வந்தார். இர்ஷாத் ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், நீங்க லேண்டிங்னு எழுதிட்டீங்க. அது லேண்டிங் இல்ல. முழு வெயிட்டும் இறங்கினாத்தான் லேண்டிங்."

"பாதி வெயிட்டு எறங்குனா சார்?"

"அதுக்கு நம்ம கிட்ட கேட்டகரி இல்ல."

"கேட்டகரி இல்லன்னா தொட்டது தொடாம பூடுமா?"

"மேடம், சிம்பிள். அந்தப் பதினொண்ணையும் அடிச்சுட்டு, பார்த்தவர் பிழைன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்து போடுங்க. நாளைக்கு மத்தியானம் ரிப்போர்ட் போகணும்."

"கண்ணு என்னுது. பிழை அதுல இல்ல. நான் போட மாட்டேன்."

"பைலட்டே இல்லைன்னு சொல்றார். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ஒம்பதாவது. எண்ணுறது ரெண்டாவதுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

இர்ஷாத் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்து, போனை வெளியே கொண்டுபோய்ப் பேசிவிட்டு வந்தான். முகம் காய்ந்த வெங்காயத்தாள் மாதிரி இருந்தது.

"அக்கா, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ஒத்துப் போனாத்தான் பாஸ். இந்தப் பதினொண்ண எடுத்துட்டா பாஸ். வெச்சா ஃபெயில். அடுத்த மாசம் வேற மலைல வேல இருக்கு, உங்களத்தான் சொல்லி வெச்சிருக்கேன். இப்புடி நின்னீங்கன்னா அது போயிடும். எனக்கும் வேல நிக்குமான்னு தெரியல."

"தம்பி, முத்திரை போட வர்றவரு கல்லைத் தட்டுல வெக்கிறாரு. மேடை கம்மியா காட்டுது. அப்ப இன்னா பண்ணுவாரு? மேடையச் சரி பண்ணச் சொல்லுவாரா, கல்லை அரம் வெச்சுத் தேய்ப்பாரா?"

இர்ஷாத் மடிக்கணினியைப் பாதி மூடினான்.

"நீங்க கல்லைத் தேய்க்கச் சொல்றீங்க. எங்க வூட்டுக்காரரு காலு எப்புடிப் போச்சுன்னு உனுக்குத் தெரியும். மூணு நடைய ஒண்ணுன்னு எழுதுனான் ஒருத்தன். இங்க உங்க மேனேஜரு பதினொண்ண சைபர்னு எழுதச் சொல்றாரு. அவனே தேவல."

இர்ஷாத் தலையைக் குனிந்துகொண்டான். பாறை வித்தையை மறுநாள் காலை ஒருமுறை திரும்பச் செய்யப் போவதாகவும், அதற்குப் பிறகும் அவள் இதையே சொன்னால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னான். அவள் சரி என்றாள். அந்தச் சரியில் எதுவோ இருந்ததை அவன் கவனித்திருக்க வேண்டும்.

அன்று மாலை அவள் கடைத்தெருவில் சுண்ணாம்பு வாங்கினாள்.

"வூட்டுக்கு வெள்ள அடிக்கவா?" என்றார் கடைக்காரர்.

"பாறைக்கு."

மலையில் இருபது வருடம் கடை வைத்திருப்பவர் எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை. சில்லறையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விடிந்ததும் விடியாததுமாக அவள் பாறைக்குப் போய், களிமண்ணில் சுண்ணாம்பைக் குழைத்து, விளிம்பில் கால் படுகிற இடத்தில் அரை விரல் கனத்துக்குப் பூசினாள். பிறகு இறங்கி வந்து, குடையை விரித்து, உலகத்திலேயே நல்ல பெண் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஹெலிகாப்டர் வந்தது. தொட்டது, எழும்பியது, தொட்டது. அவள் எழுதினாள். ஏழு. பிறகு அது வெள்ளை வேட்டி கட்டிய மாதிரி ஒரு காலோடு வெள்ளிமலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி மைதானத்தில் இறங்கியது. ஜீப்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

கேப்டன் இறங்கினார். விசிறி நின்றதும் குனிந்து காலைத் தடவிப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். நேராக ஆரஞ்சு குடையிடம் வந்தார்.

"யாரு பண்ணது இது?"

"நான்தான் சார்."

"ஒரு கால் சேத்துல ஒட்டிக்கிட்டா, நான் எழும்புறப்ப வண்டி அப்படியே பக்கவாட்டுல கவுந்துடும். தெரியுமா உனக்கு? நான் செத்திருப்பேன்மா!"

விஜயலட்சுமிக்கு முகம் வெளுத்தது. "தெரியாது சார்," என்றாள்.

"தெரியாம எப்படிச் செய்வே?"

"தப்புதான் சார்." அவள் பேனாவைத் திறந்து, தாளில் அன்றைய முதல் வரிக்கு மேலே எழுதினாள். எழுதியதை அவரிடம் நீட்டினாள். காலை ஐந்து ஐம்பது, பார்வையாளர் பாறையில் சுண்ணாம்புச் சேறு பூசியது, யாரையும் கேட்கவில்லை, தவறு.

கேப்டன் அதை இரண்டு முறை படித்தார். திட்டுவதற்கு வைத்திருந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீசையைத் தடவினார். "இத ஏன் எழுதினே? நீ சொல்லலைன்னா ஆபீசுக்குத் தெரியாதே."

"நடந்துச்சே சார்."

இர்ஷாத்தையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் பாறைக்கு ஏறினார்கள். சேற்றில் தடங்கள் பதிந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தாலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் கீழே கல் தெரியும் ஆழத்துக்கு. இர்ஷாத் எண்ணினான். மறுபடி எண்ணினான். ஏழு.

"நீங்க எத்தினின்னு நெனச்சீங்க சார்?" என்று அவள் கேப்டனைக் கேட்டாள்.

"மூணு. மிஞ்சினா நாலு." அவர் தன் அட்டையைப் பார்த்தார். பழக்கதோஷம், அதில் அந்தரத்தில் நிற்றல் என்றுதான் எழுதியிருந்தார். "ரெண்டு கை, ரெண்டு கால், கண்ணு எல்லாமே வேலையா இருக்கும்மா. அந்த நேரத்துல எத்தனை தடவைன்னு யாரு எண்ணுவா?"

"நான் எண்ணுவேன் சார். அதுக்குத்தான கூட்டியாந்தீங்க?"

"பெட்டி என்ன சொல்லுது?" என்று கேப்டன் இர்ஷாத்தைக் கேட்டார்.

"அந்தரத்துல நின்னுச்சாம் சார். மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டு."

கேப்டன் ஆழமான ஒரு தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் உட்காரும் இருக்கை இந்தக் காலின் மேல்தான் நிற்கிறது. இந்தக் காலைப் பிடித்திருக்கும் ஆணிகளுக்கு ஒரு நோவும் இல்லை, இன்னும் ஆயிரம் மணி பறக்கலாம் என்று ஒரு பெட்டி சொல்லப் போகிறது. அவர் விஜயலட்சுமியிடம் கை நீட்டினார். பேனாவுக்கு.

இரண்டு நாள் தாள்களிலும் அவளுடைய கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதினார்: தொட்டது உண்மை. எண்ணிக்கை இவருடையது சரி. என் அட்டை தவறு. ராஜாங்கம்.

பகல் பதினொன்றரைக்கு மேனேஜர் போனில் எல்லாவற்றையும் கேட்டார். தடங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அனுமதியில்லாமல் சோதனை இடத்தில் சேறு பூசியது பெரிய பாதுகாப்பு மீறல், அந்த அம்மா நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"நியாயம்தான் சார்," என்றாள் விஜயலட்சுமி. "சேறு பூசுனதுக்கு அனுப்புங்க. போறேன். பதினொண்ண அடிக்கலன்னு அனுப்புறதா இருந்தா மட்டும் அத எழுதிக் குடுத்து அனுப்புங்க."

போன் வைக்கப்பட்டது.

இர்ஷாத் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தான். பழைய பதினொன்று, புதிய ஏழு, பதினெட்டுச் சிவப்பு வரிகள். ஒன்றையும் அவன் தொடவில்லை. ரிப்போர்ட்டை அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே சன்னலுக்கு வெளியே பார்த்தாள்; இந்த வரி அவன் எழுத வேண்டியது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பொத்தான் அமுங்கிய சத்தம் கேட்டது.

"போச்சுக்கா," என்றான். "ஃபெயிலு."

"பெட்டிதான ஃபெயிலு. நீ எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

மாலை பஸ்ஸில் மலை இறங்கி வீட்டுக்குப் போனாள். தங்கதுரை விந்தி வந்து கதவைத் திறந்தான். பையைப் பார்த்தான், சொன்ன இரண்டு வாரம் முடியும் முன்னே திரும்பி வந்திருப்பதையும் பார்த்தான்.

"வேல போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"கணக்கு?"

"கணக்கு போவல."

"அப்ப சோறு துண்ணு," என்றான். தட்டு வைக்கும்போது அவன் சிரித்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

அடுத்த சீசன் தொடங்கி மூன்றாவது வாரம், இர்ஷாத் எடைமேடைக்கு வந்தான். வேலை போகவில்லை, கேப்டனின் கையெழுத்து இருந்த தாளை யாராலும் குப்பையில் போட முடியவில்லையாம். அந்தத் தாளை வைத்துப் பெட்டியைத் திருத்தியிருக்கிறார்கள். கால் தொட்டதைத் தனியாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவன் புதுத் தாளைக் காட்டினான். அதில் ஒரு புதுக் கட்டம் இருந்தது: ஒற்றைக்கால் தொடுதல்.

"திருந்திடுச்சான்னு பாக்கணும்க்கா. நீங்க வந்தாத்தான் ஓட்டுவேன்னு கேப்டன் சொல்லிட்டாரு. ஆனா சுண்ணாம்பு எடுத்துக்கினு வரக் கூடாதாம்." பையில் இருந்து ஒரு பேனாவை எடுத்து வைத்தான். "பென்சில் இல்ல. பாருங்க."

அவள் பேனாவை உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். எழுதியது.

"வரேன். ஆனா ஒண்ணு. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும், உன் பெட்டி இன்னா சொல்லிச்சின்னு என் காதுல யாரும் ஓதக் கூடாது. உங்க மேனேஜரும்தான். அவர்கிட்டயே சொல்லு, நான் சொன்னேன்னு."

"சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

இர்ஷாத் போனை எடுத்துக்கொண்டு நிழலுக்கு நடந்தான். அந்த நேரம் பார்த்து சந்தோஷின் டிராக்டர் கரும்புச் சுமையோடு தட்டில் ஏறியது. டிரெய்லரின் பின்சக்கரம் வெளியே நின்றது. அவன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினான். சன்னலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அக்கா, ஒரே லோடுக்கா. சத்தியமா ஒரே லோடு."

விஜயலட்சுமி புதுப் பேனாவால் முதல் வரி எழுதினாள். அதன் கீழே இரண்டாவது வரியும் எழுதினாள்.